வாசித்தவருக்கு முதல் பிரதி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "தம்பி, இந்த வருஷம் நீங்க பேசணும்" என்றார். "எதைப் பத்திங்க சார்?" என்று கேட்டேன். "வேலை, வெளிநாடு, முன்னேற்றம் எல்லாம் போன வருஷமே நாலு பேர் பேசிட்டாங்க. வேற ஏதாவது பேசுங்க" என்றார். எனக்குத் தெரிந்த 'வேற ஏதாவது' ஒன்றே ஒன்றுதான். ப்ளூஸ், ராக் இசை நிகழ்ச்சிகளைத் தேடிப் போய்க் கேட்பது; அனுமதி கிடைத்தால் அவற்றைப் படம் பிடிப்பது. வேலை நிமித்தமாக நான்கு ஆண்டுகள் சிகாகோவில் இருந்தபோது தொற்றிக்கொண்ட பழக்கம் இது. இன்னும் விட்டபாடில்லை.

"இதிலே பேச என்னப்பா இருக்கு? எல்லார் கையிலும் போன் இருக்கு. தூக்கிப் பிடிச்சா படம்" என்று நீங்கள் கேட்கலாம். எல்லோரும் பிடிக்கிறோம் என்பதால்தான் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஒரு கலைஞர் மேடையில் வாசிக்கிறார். கீழே நிற்கிற ரசிகன் அதைப் பதிவு செய்கிறான். அந்தப் பதிவு யாருடையது? ரசிகன் அதற்குச் சொந்தக்காரனா, காவல்காரனா? இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலை உங்கள் முன் வைக்கிறேன்.

ப்ளூஸ் என்பது

முதலில், ப்ளூஸ் என்றால் என்னவென்று அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பின மக்களிடமிருந்து பிறந்த பாட்டு இது. பெரும்பாலும் மூன்று வரிகள். முதல் வரியைப் பாடி, அதையே திருப்பிப் பாடி, மூன்றாவது வரியில் அதற்கு ஒரு பதில். இந்த மூன்று வரியும் பன்னிரண்டு தாளக் கட்டங்களில் அடங்கும். மூன்றே மூன்று கார்டுகள். கிடார் பிடித்த எந்தப் பையனும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வான். அதை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க வாசிக்கலாம்.

எப்படி என்கிறீர்களா? நம் பாகவதர்கள் ஒரே வரியை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் நிரவல் செய்வதில்லையா, அதுபோலத்தான். கட்டம் ஒன்றே, அதற்குள் இன்றைக்குப் போகிற வழி நேற்றுப் போன வழி அல்ல. அதனால்தான் ப்ளூஸை இசைத்தட்டில் கேட்பது பாதிக் கிணறு. மீதி மேடையில்தான் இருக்கிறது.

1910 முதல் 1970 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்கேயும் மேற்கேயும் குடிபெயர்ந்தார்கள். அவர்களோடு பாட்டும் ரயிலேறியது. சிகாகோவின் மதுக்கூடங்களில் இரைச்சல் அதிகம். மரக் கிடாரின் சத்தம் எடுபடவில்லை. கிடாருக்கு மின்சாரம் கொடுத்தார்கள். அந்தச் சத்தம் கடல் தாண்டி இங்கிலாந்துப் பையன்கள் காதில் விழுந்து, ராக் இசையாகத் திரும்பி வந்தது. 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்ற குழுவின் பெயரே, சிகாகோவின் மடி வாட்டர்ஸ் 1950-ல் வெளியிட்ட ஓர் இசைத்தட்டின் பெயரிலிருந்து எடுத்ததுதான்.

இரண்டு பிரதிகள், இருபது டாலர்

அந்த மடி வாட்டர்ஸின் கதையில்தான் என் கேள்விக்குப் பதிலும் இருக்கிறது.

1941 ஆகஸ்ட் மாதம். மிசிசிப்பி மாநிலத்தில் கிளார்க்ஸ்டேல் ஊருக்குப் பக்கத்தில் ஸ்டோவால் என்ற பண்ணை. அங்கே ட்ராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மக்கின்லி மார்கன்ஃபீல்ட் என்ற இளைஞர் ஓய்வு நேரத்தில் கிடார் வாசிப்பவர். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டுப்புறப் பாடல்களைத் தேடி வந்த ஆலன் லோமாக்ஸும், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் அவர் வீட்டைத் தேடிப் போகிறார்கள். கையோடு கொண்டுபோன இயந்திரத்தில் அவர் பாடியதைத் தட்டில் பதிவு செய்து, அங்கேயே அவருக்குப் போட்டும் காட்டுகிறார்கள். தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

பிற்பாடு லோமாக்ஸ் அவருக்கு அந்தத் தட்டின் இரண்டு பிரதிகளையும் இருபது டாலருக்கு ஒரு காசோலையையும் அனுப்பி வைத்தார். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய் மூலைக் கடையில் இருந்த ஜூக்பாக்ஸில் போட்டுக் கேட்டாராம். நம்மாலும் முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு அப்போது வந்தது. 1943-ல் சிகாகோவுக்கு ரயிலேறினார். மடி வாட்டர்ஸ் என்ற பெயரில் உலகம் அறிந்தது அவரைத்தான்.

அந்த இரண்டு பிரதிகளை அனுப்பாமல் இருந்திருந்தால்? பதிவு நூலகத்தின் அலமாரியில் பத்திரமாக இருந்திருக்கும், ஆராய்ச்சியாளர்கள் கேட்டிருப்பார்கள். பாடியவர் ட்ராக்டரிலேயே இருந்திருப்பாரோ என்னவோ! பதிவு செய்ததைக் காட்டிலும் திருப்பிக் கொடுத்ததுதான் பெரிய காரியம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

மைக் காடு

அடுத்து ராக் உலகத்துக்கு வருவோம். அங்கே ரசிகர்களின் பதிவு என்றாலே ஒரு காலத்தில் சண்டைதான். லெட் ஸெப்பலின் குழுவின் மேலாளர் பீட்டர் கிரான்ட் ஆஜானுபாகுவான மனிதர். 1970-களின் தொடக்கத்தில் வான்கூவர் நகரில் நடந்த நிகழ்ச்சியில், யாரோ திருட்டுத்தனமாகப் பதிவு செய்கிறார்கள் என்று நினைத்து ஒரு கருவியை அடித்து நொறுக்கச் செய்தார். பிறகு பார்த்தால், இரைச்சல் எவ்வளவு என்று அளக்க நகராட்சி அதிகாரிகள் கொண்டுவந்த கருவி அது!

அதே குழுவை லாஸ் ஏஞ்சலஸில் பதிவு செய்த மைக் மில்லார்ட் என்ற ரசிகரின் கதை வேறு. நன்றாக நடக்கக்கூடிய அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வருவாராம், காசெட் ரிக்கார்டரை அதில் ஒளித்து எடுத்துப் போவதற்காக. 1977-ல் அவர் எடுத்த ஒலிநாடாவை இன்றைக்கும் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். தன் பிரதிகளை யாராவது காசுக்கு விற்றால் கண்டுபிடிக்க அவர் ரகசிய அடையாளம் வைத்துக் கொடுப்பார் என்று சொல்வார்கள். அனுமதி இல்லாமல் எடுத்ததை நான் சரி என்று சொல்லவில்லை. ஆனாலும் விற்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இந்தச் சண்டைக்கு ஒரு நல்ல முடிவு கண்டவர்கள் கலிஃபோர்னியாவின் கிரேட்ஃபுல் டெட் குழுவினர். ஒவ்வொரு இரவும் வேறு பாட்டு வரிசை, வேறு வாசிப்பு என்று போகிற குழு அது. ரசிகர்கள் நீண்ட கம்புகளில் மைக்கை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஒலிப் பொறியாளர் தன் மேசையிலிருந்து பார்த்தால் மேடை தெரியவில்லை. முன்னால் ஒரே மைக் காடு! வேறு குழுவாக இருந்தால் வெளியே துரத்தியிருக்கும். இவர்கள் 1984 அக்டோபரில் பெர்க்லி நகர அரங்கில், ஒலி மேசைக்குப் பின்னால் பதிவு செய்பவர்களுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கி, அதற்குத் தனி டிக்கெட்டும் கொடுத்தார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை: பணம் கைமாறக் கூடாது. ரசிகர்களும் அதைக் காப்பாற்றினார்கள். உங்களுக்கு ஒரு பதிவு வேண்டுமா? வெற்றுக் காசெட்டையும் தபால் தலையையும் அனுப்பினால் போதும், முன்பின் தெரியாத ஒருவர் பதிந்து அனுப்புவார். இப்படி வீடு வீடாகச் சேர்ந்த ஒலிநாடாக்களில் ஆயிரக்கணக்கானவை, இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற மின்னூலகம் 2002-ல் தொடங்கிய நேரடி இசைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தன. ஒரு குழுவின் ஏறக்குறைய முழு வாழ்க்கையும் அங்கே நாள்வாரியாகக் கிடைக்கிறது. அதில் பெரும்பங்கு, எவனோ ஒருவன் கை வலிக்கக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றதனால் மிஞ்சியது.

ஒரே ஒரு கேமரா

ஒலியிலிருந்து படத்துக்கு வருகிறேன். 1964 மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், ரயில் நின்றுபோன ஒரு பழைய ஸ்டேஷனில் கிரனடா தொலைக்காட்சி ஒரு நிகழ்ச்சியைப் படம் பிடித்தது. ஒரு நடைமேடையில் ரசிகர்கள். எதிர் நடைமேடையில் கலைஞர்கள். மழை பிடித்துக்கொண்டது. ஸிஸ்டர் ரொஸெட்டா தார்ப் என்ற அம்மையார் கோட்டும் வெள்ளைக் கிடாருமாக வந்து நின்று, மழையைப் பற்றிய பாட்டையே எடுத்துப் பாடினார். ராக் கிடார் எங்கேயிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் அந்தச் சில நிமிடப் படத்தைப் போட்டுக் காட்டினால் போதும்.

இன்னொன்று, 'தி பேண்ட்' குழுவின் விடைபெறு நிகழ்ச்சி. 1976 நவம்பர் 25, சான் ஃபிரான்சிஸ்கோ. மார்ட்டின் ஸ்கார்ஸஸி இயக்கத்தில் பல 35 மி.மீ. கேமராக்கள். ஒரு சுருள் பத்துப் பதினோரு நிமிடம்தான் ஓடும். அப்புறம் மாற்ற வேண்டும். எந்தப் பாட்டில் எந்தக் கேமரா ஓடும், எது நிற்கும் என்று முன்கூட்டியே திட்டம். மடி வாட்டர்ஸ் பாட வந்தபோது கேமராக்கள் சுருள் மாற்ற நின்றுவிட்டன. லாஸ்லோ கோவாக்ஸ் என்ற ஒளிப்பதிவாளர் மட்டும், காதில் ஓயாமல் கேட்ட கட்டளைகள் தொந்தரவாக இருக்கிறதென்று காதுக்கருவியைக் கழற்றி வைத்திருந்தார். 'நிறுத்து' என்ற உத்தரவு அவர் காதில் விழவில்லை. அவர் கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஒரு கேமரா தந்த 'மேனிஷ் பாய்' பாட்டுத்தான் 1978-ல் வந்த படத்தின் சிகரம் என்பது என் கட்சி. வெட்டி வெட்டி ஒட்டாமல், அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க முடிகிறது.

1981 நவம்பர் 22-ல் சிகாகோவின் செக்கர்போர்டு லவுஞ்ச் என்ற சின்ன இடத்தில் மடி வாட்டர்ஸ் வாசித்தபோது, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் வந்து அவரோடு மேடையேறினார்கள். நல்ல வேளையாகப் படம் பிடித்தார்கள். 1983 ஏப்ரலில் அவர் காலமானார். அந்தப் படம் அதிகாரபூர்வமாக வெளிவந்தது 2012-ல்தான். வாசித்தவர் போய் 29 வருஷம் ஆன பிறகு!

டிரம்ஸ்காரரின் இடது கை

பெரிய மனிதர்கள் கதை போதும். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

சிகாகோவின் தென்பகுதியில் ஒரு சிறிய ப்ளூஸ் கிளப். எண்பது பேர் நெருக்கியடித்து நின்றால் நிறைந்துவிடும். வாரநாள் இரவு ஒன்றில் போயிருந்தேன். வாசித்த குழுவின் தலைவர் கிடார் கலைஞர். எல்லோர் போனும் அவர் பக்கம். எனக்குக் கிடைத்ததோ மேடையின் இடது ஓரம், டிரம்ஸுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். இடைவேளையில் கிளப்பை நடத்தும் அம்மாவிடம் போய்ப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "வாசிக்கிறவர் சரின்னா எனக்கும் சரி. ஆனா அந்த பக்கெட்டைக் கண்டும் காணாம போயிடக் கூடாது" என்கிற பாவனையில் சொன்னார். பக்கெட் என்றால், கலைஞர்களுக்கு ரசிகர்கள் பணம் போட மேடையோரம் வைத்திருப்பது. அங்கே பல கலைஞர்களுக்கு அன்றைய கூலியில் கணிசமான பங்கு அதிலிருந்துதான்.

குழுத் தலைவர் தலையாட்டினார். டிரம்ஸ் வாசித்த பெரியவரிடமும் போய்க் கேட்டேன். எழுபது வயது தாண்டியவர். "என்னையா? எதுக்கு?" என்பது போல் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அவர் மட்டும்தான் தெளிவாகத் தெரிந்தார். ஒரு மெதுவான ப்ளூஸ், தொடர்ந்து ஒரு 'ஷஃபிள்', மொத்தம் பதினோரு நிமிடம். முழுக்க அவருடைய கைகள், கால், முகம். ஷஃபிள் என்பது குதிரை நடை மாதிரியான ஒரு தாள நடை. கேட்க எளிது, வாசிக்கக் கஷ்டம். வலது கை சிம்பலில் நடக்கும்போது இடது கை ஸ்நேர் டிரம்மில் லேசாகத் தட்டிக்கொண்டே இருக்கும். அந்த லேசான தட்டலில்தான் ஆளுக்கு ஆள் கைமணம் மாறும்.

மறுவாரம் அதை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐம்பது வருஷமாக வாசிக்கிறாராம்; தான் வாசிப்பதை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லையாம். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

நான் ஊர் திரும்பி இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய மகளிடமிருந்து கடிதம் வந்தது. பெரியவர் காலமாகிவிட்டார். அவருடைய பேரன் டிரம்ஸ் கற்றுக்கொள்கிறான். தாத்தாவின் வாசிப்பு மற்றவர்கள் எடுத்த படங்களில் கேட்கத்தான் செய்கிறது, ஆனால் ஆள் இருட்டில் இருக்கிறார். 'இடது கையை எப்படிப் பிடிக்கிறார் என்று பையன் பார்க்க வேண்டும் என்கிறான். உங்களிடம் அசல் பதிவு இருக்கிறதா?' என்று கேட்டிருந்தார். இருந்தது. தேதி, இடம், வாசித்தவர்கள் பெயர் எல்லாம் எழுதி வைத்திருந்ததால் ஐந்து நிமிடத்தில் எடுத்து அனுப்ப முடிந்தது.

அன்றிலிருந்து எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் ஒரு பாட்டு முழுக்க, நடுவில் நிற்பவரை விட்டுவிட்டு ஓரத்தில் இருப்பவரைப் பிடிப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் நிற்பவரைப் பிடிக்க நூறு பேர் இருக்கிறார்கள்.

கொஞ்சம் பொறியியல்

இது பொறியியல் கல்லூரி. சத்தத்தைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் என் பேராசிரியர்கள் விடமாட்டார்கள்.

லேப்பில் டயோடு கிளிப்பர் சர்க்யூட் போட்டது ஞாபகம் இருக்கிறதா? ஸைன் அலையின் தலையை வெட்டிச் சதுரமாக்கும். ராக் கிடாரின் உறுமல் அதுதான். கிடார்க்காரர் காலடியில் மிதிக்கிற பெட்டிகள் பலவற்றில் அந்த இரண்டு டயோடுகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் அதே கிளிப்பிங் உங்கள் பதிவுக் கருவிக்குள் நடந்தால் பாட்டு நாசம். கலைஞர் வேண்டுமென்று செய்தால் அலங்காரம். நம் மைக் செய்தால் விபத்து. வெட்டுப்பட்ட அலையை அப்புறம் ஒட்டவைக்க முடியாது. ஆகவே பதிவின் உச்சத்தைச் சுமார் மைனஸ் 12 டெசிபலில் நிறுத்தி, மேலே இடம் விட்டு வையுங்கள். இப்போது 32 பிட் ஃப்ளோட் முறை ரிக்கார்டர்கள் வந்து இந்தக் கவலையைக் குறைத்துவிட்டன. ஆனாலும் மைக்கே தாங்காத சத்தமென்றால் எந்த பிட்டும் காப்பாற்றாது.

போனில் இன்னொரு வம்பு, தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு. டிரம்ஸ் ஓங்கி அடித்ததும் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்புறம் மெல்ல ஏற்றும். பாட்டு மூச்சு வாங்குவது மாதிரி கேட்கும். அதை நிறுத்தி வைக்க வழி இருந்தால் நிறுத்துங்கள்.

ஒளியில்? அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். நம் ஊரில் 50. விளக்கின் வெளிச்சம் வினாடிக்கு அங்கே 120 தடவையும் இங்கே 100 தடவையும் ஏறி இறங்கும். ஷட்டரை அங்கே அறுபதில் ஒரு வினாடி, இங்கே ஐம்பதில் ஒரு வினாடி என்று வைத்தால் படம் துடிக்காது. எல்.இ.டி. மேடை விளக்குகள் இந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. முதல் பாட்டிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். கறுப்புத் திரைக்கு முன்னால் ஒளியில் நிற்கிற முகத்தை, தானியங்கிக் கேமரா வெள்ளைக் காகிதம் ஆக்கிவிடும். முகத்துக்கு ஒளியை அளந்து அங்கேயே பூட்டி வையுங்கள்.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். நீங்கள் 34 மீட்டர் தள்ளி நின்றால் சத்தம் பத்தில் ஒரு வினாடி தாமதமாக வரும். வினாடிக்கு 30 ஃபிரேம் ஓடும் படத்தில் அது மூன்று ஃபிரேம். குச்சி விழுந்த பிறகுதான் அடி கேட்கும். அரங்கில் அது உறுத்தாது; கேமராவில் நெருக்கிப் பிடித்த படத்தில் உறுத்தும். படத்தொகுப்பில் ஒலியை மூன்று ஃபிரேம் முன்னால் இழுத்துவிட்டால் சரியாகிவிடும்.

கடைசியாகக் காது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 டெசிபல் என்றால் பதினைந்தே நிமிடம்! ராக் நிகழ்ச்சிகளில் 100 சர்வ சாதாரணம். காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள், தம்பிகளா. கேமரா போனால் வேறு வாங்கலாம்.

பார்ப்பதா, பிடிப்பதா?

"எல்லாம் சரி, பிடிச்சுக்கிட்டே இருந்தா எப்பப் பார்க்கிறது?" என்று என் மனைவி கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. லிண்டா ஹென்கல் என்ற உளவியல் பேராசிரியை 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அருங்காட்சியகத்தில் சில பொருட்களை வெறுமனே பார்க்கவும் சிலவற்றைப் போட்டோ எடுக்கவும் மாணவர்களிடம் சொன்னார். மறுநாள் சோதித்தபோது, போட்டோ எடுத்த பொருட்கள் அவர்களுக்குக் குறைவாகவே நினைவிருந்தன. ஆனால் ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுத்தவர்களுக்கு அப்படி மறக்கவில்லை. எடுத்த முறையில் கவனம் இருந்தது, அதனால் நினைவும் இருந்தது. 'கேமரா பார்த்துக்கொள்ளும்' என்று விட்டுவிட்டால்தான் மூளை தூங்கப் போய்விடுகிறது போலும்.

கலைஞர்களும் பல விதம். ஜாக் வைட் 2018-ல் தன் நிகழ்ச்சிகளில் போன்களைப் பூட்டிய பைகளில் போட்டு வைக்கச் செய்தார். ரசிகர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்பது அவர் கட்சி. கிங் கிரிம்ஸன் குழு பின்னாளைய சுற்றுப்பயணங்களில் ஓர் அழகான ஏற்பாடு செய்திருந்தது. வாசிக்கும்போது யாரும் படம் எடுக்கக் கூடாது. கடைசியில் பேஸ் வாசிக்கும் டோனி லெவின் தன் கேமராவைத் தூக்கி ரசிகர்களைப் படம் எடுப்பார். அதுதான் அறிவிப்பு, அப்போது ரசிகர்களும் அவர்களை எடுத்துக்கொள்ளலாம். கணக்கு நேர்!

இன்னொரு கோடியில் ரேடியோஹெட். 2009 ஆகஸ்ட் 23-ல் ப்ராக் நகரில் அவர்கள் வாசித்ததை ஒரு ரசிகர் கூட்டம் அங்கங்கே நின்று படம் பிடித்துத் தொகுத்தது. குழுவினர் அதை அறிந்து, தங்கள் ஒலி மேசையில் பதிவான ஒலியையே எடுத்துக் கொடுத்தார்கள். 2010-ல் முழு நீளப் படமாக, இலவசமாக வெளிவந்தது. ஒளி ரசிகனுடையது, ஒலி கலைஞனுடையது. இதைவிட நல்ல சம்பந்தம் அமையுமா?

சட்டத்தையும் மறக்க வேண்டாம். நேரடி இசையை அனுமதியின்றிப் பதிவதை அமெரிக்கா 1994-ல் வந்த சட்டத்தால் தடுக்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவும், 2012 திருத்தத்தில் வந்த 38ஏ பிரிவும் நிகழ்த்துபவரின் உரிமையைச் சொல்கின்றன. தான் வாசித்ததைப் பதியலாமா என்று தீர்மானிப்பவர் வாசிப்பவரே. டிக்கெட் வாங்கியதால் நமக்குக் கிடைப்பது நாற்காலி மட்டும்தான்.

ஆகவே நான் கடைப்பிடிக்கும் வழக்கங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. முதலில் கேள். 'வேண்டாம்' என்றால் கேமராவைப் பையில் போட்டுவிட்டுப் பாட்டைக் கேள்.

2. இரண்டு பாட்டுக்கு மேல் பிடிக்காதே. கேமராவை மார்புக்கு மேல் தூக்காதே; பின்னால் இருப்பவரும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார்.

3. ஒரு பாட்டு, ஓரத்தில் இருப்பவருக்கு.

4. தேதி, இடம், வாசிப்பவர் பெயர் மூன்றையும் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிடு. பெயரில்லாத பதிவு அநாதை.

5. முதல் பிரதி வாசித்தவருக்கு. அவர் பார்த்துச் சரி என்ற பிறகே மற்றவர்க்கு. 'எடுத்துவிடு' என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடு.

6. விற்காதே.

நம் பங்கு

இதற்கெல்லாம் சிகாகோ போக வேண்டியதில்லை. மும்பையில் மஹிந்திரா ப்ளூஸ் விழா 2011-ல் தொடங்கியபோது, முதல் ஆண்டிலேயே சிகாகோவின் பட்டி கய் வந்து வாசித்தார். ஷில்லாங்கின் சோல்மேட் குழு 2007-ல் மெம்ஃபிஸ் நகரில் நடந்த சர்வதேச ப்ளூஸ் போட்டிக்கே போய் வந்தது. பதிவு செய்கிற பழக்கமும் நமக்குப் புதிதல்ல. சபாக் கச்சேரிகளை ஸ்பூல் டேப்பில் பிடித்துப் பூச்சி அரிக்காமல் காத்த மாமாக்கள் நம் தெருக்களிலேயே இருந்தார்கள். இசைத்தட்டுக் கம்பெனிகள் விட்டுவிட்ட எத்தனையோ கச்சேரிகள் அவர்களால்தான் இன்று நம் காதில் விழுகின்றன.

நம் கல்லூரி இசைக் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் வாசிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இருநூறு போன்கள் பிடிக்கின்றன. மூன்று வருஷம் கழித்து ஒன்றாவது கிடைக்கிறதா? கிடைத்தாலும் கீபோர்டு வாசித்த பெண் யார், தபலாப் பையன் எந்த பேட்ச் என்று யாருக்காவது தெரிகிறதா? இன்று காலை நான்கைந்து பேரிடம் விசாரித்தேன், தெரியவில்லை.

ஆகவே எங்கள் பேட்ச் நண்பர்கள் சேர்ந்து ஒரு ரிக்கார்டரும், இரண்டு மைக்கும், இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் இசை மன்றத்துக்கு வாங்கிக் கொடுக்கிறோம். ஹார்ட் டிஸ்க் ஏன் இரண்டு என்றால், ஒன்று நிச்சயம் ஒருநாள் கெடும். அதை நூலகத்தில் வைக்க முதல்வர் அவர்கள் அன்போடு இசைந்திருக்கிறார்கள். கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் தருகிறேன். தேதி, பாட்டு, வாசித்தவர் பெயர், ஓரத்தில் இருந்தவர் பெயர், பிரதி கொடுத்தாயிற்றா என்று ஐந்து கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். கடைசிக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

இன்று மாலை இசைக் குழுவின் நிகழ்ச்சி இருக்கிறது. நானும் ஒரு ஓரத்தில் நின்றுகொண்டிருப்பேன்.